7 கிலோவுக்குள் அடங்கும் பை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் தரச் சோதனைப் பிரிவில் 18 ஆண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறேன். வேலையின் பொருட்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டெல்லிக்கோ மும்பைக்கோ, ஆண்டுக்கு ஓரிரு முறை கடல் கடந்தோ செல்ல நேர்கிறது. கடந்த 6 ஆண்டுகளில் எந்த விமானப் பயணத்திலும் சரக்கறைக்கென்று ஒரு பெட்டியையும் நான் ஒப்படைத்ததில்லை. முதுகில் மாட்டிய ஒரே பையோடு போய், அதே பையோடு திரும்பி வந்திருக்கிறேன். இதைக் கவனித்த உறவினர்களும் உடன் வேலை செய்வோரும் "எந்தக் கம்பெனிப் பை?" என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. என் முதுகுக்குப் பொருந்தும் பை அவர்கள் முதுகுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் ஒரு பையை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை, துணியையும் தையலையும் பார்த்தே பிழைக்கும் ஒருவனால் சற்று விரிவாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்னிடம் இருந்தது நான்கு சக்கரங்கள் கொண்ட, பளபளப்பான, கெட்டியான ஒரு டிராலி. ஒருமுறை கோவை விமான நிலையத்தில் விமான நிறுவனப் பணியாளர் ஒருவர் அதைத் தராசில் வைக்கச் சொன்னார். 9 கிலோ 400 கிராம் காட்டியது. கூடுதல் எடைக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்றார். வரிசை பின்னால் நீண்டிருக்க, ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். கொண்டுவந்து விட்ட மச்சானைக் கைப்பேசியில் அழைத்து, வாசல்வரை திரும்பிப் போய், ஒரு ஜோடி ஷூவையும் கனத்த துண்டையும் ஜீன்ஸையும் வேறு சிலவற்றையும் அவரிடம் கொடுத்தனுப்பிய பிறகே உள்ளே போக முடிந்தது. ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பெட்டியை முழுவதும் காலி செய்து தொங்கு தராசில் மாட்டிப் பார்த்ததுதான். வெறும் பெட்டியின் எடை 3 கிலோ 300 கிராம். அன்று நான் எடுத்துச் சென்ற பொருட்கள் அத்தனையும் சேர்ந்தே 6 கிலோ 100 கிராம்தான். அதாவது பொருட்களின் எடை வரம்புக்குள்தான் இருந்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட 7 கிலோவில் ஏறத்தாழப் பாதியை வெறும் கூடு எடுத்துக்கொண்டுவிட்டது.

நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் செல்பவருக்குக் கைப்பை, அதாவது விமானத்துக்குள் உடன் கொண்டுபோகும் பையின் வரம்பு பொதுவாக 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. பாதுகாப்புச் சோதனையைக் கடந்து ஒருவர் ஒரு கைப்பைதான் கொண்டுசெல்லலாம் என்பது விதி. பெண்களின் சிறு கைப்பைக்கும் மடிக்கணினிப் பைக்கும் விமான நிறுவனங்கள் சில சலுகை தருகின்றன. கோவையிலிருந்து ஷார்ஜா செல்லும் ஏர் அரேபியாவிலும் சிங்கப்பூர் செல்லும் ஸ்கூட்டிலும் வரம்பு 10 கிலோ. இந்த எண்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. பயணச்சீட்டு எடுக்கும் அன்றே அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணப் பைகளைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் சொல்வது. அந்நாட்டின் பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றில் கைப்பைக்கு எடை வரம்பே கிடையாது. அளவு பார்க்க வைத்திருக்கும் சட்டகத்துக்குள் பை நுழைந்தால் போதும். ஆகவே அவர்கள் 40 லிட்டர், 45 லிட்டர் என்று கொள்ளளவையே பேசுகிறார்கள். பையின் சொந்த எடை 2 கிலோவைத் தாண்டினாலும் கவலைப்படுவதில்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்து நாம் வாங்கினால், நமக்கு இல்லாத சிக்கலுக்குத் தீர்வு வாங்கி, நமக்கு இருக்கும் சிக்கலை விட்டுவிடுகிறோம். நமக்கு இடத்தைவிட எடைதான் இறுக்கமானது. 115 செ.மீ. வரம்புக்குள் அடங்கும் 55, 35, 25 செ.மீ. என்ற அளவைப் பெருக்கினால் 48 லிட்டர் வருகிறது. அவ்வளவு பெரிய பையைத் துணியாலும் மின்கருவிகளாலும் நிரப்பினால் 7 கிலோவுக்குள் நிற்காது. என் அனுபவத்தில் 7 கிலோ பயணத்துக்கு 30 முதல் 35 லிட்டர் பையே போதும். அதுவும் காலியாக இருக்கும்போது 1 கிலோ 200 கிராமைத் தாண்டக் கூடாது. கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு எடையைப் பார்க்க வேண்டும். பல பைகளின் அட்டையில் எடை அச்சிட்டிருக்காது. அதனால் சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய தொங்கு தராசு ஒன்றை நான் கையோடு கொண்டுபோகிறேன்.

சுற்றிலும் ஜிப் வைத்து, திறந்தால் இரண்டு அங்குலம் விரியும்படி செய்திருக்கும் பைகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. போகும்போது விரிக்காத ஜிப்பை வரும்போது எல்லோரும் விரித்துவிடுகிறோம். பிறகு அளவும் மீறுகிறது, எடையும் மீறுகிறது.

சக்கரம் வேண்டுமா என்பதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இன்று நாம் காணும் இழுக்கும் கைப்பிடியோடு கூடிய நிமிர்ந்த பெட்டியை 1987-இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி. விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் நாள்தோறும் நடப்பவர் தமக்கென்று செய்துகொண்ட பொருள் அது. அந்தத் தரையில் அதைப் போல் வசதியானது வேறில்லை. நம் பயணத்தில் அந்தத் தரை எத்தனை அடி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருப்பூரிலிருந்து பேருந்தில் வருபவர் அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர் கடந்து சிட்ரா நிறுத்தத்தில் இறங்குவார். அங்கிருந்து விமான நிலையம் நடக்கும் தூரந்தான். ஆனால் மணலும் சரளையும் கிடக்கும் சாலையோரத்தில் சக்கரம் உருளாது. பெட்டியைக் கையில் தூக்கியே நடக்க வேண்டும். தூக்குவதற்கு அந்தப் பெட்டியின் பிடி அமைக்கப்படவில்லை என்பது நூறு அடி நடப்பதற்குள் தெரிந்துவிடும். கூட்டமான பேருந்தில் ஏறும்போதும், ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி இறங்கும்போதும், டெல்லி மெட்ரோவில் நிற்கும்போதும் இதே கதைதான்.

சக்கரமும் இழுகைப்பிடியும் எடையோடு இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. 55 செ.மீ. உயரம் என்று விமான நிறுவனம் சொல்வது சக்கரத்தின் அடியிலிருந்து பிடியின் மேல்வரை அளப்பது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால், முதுகுப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் ஓடி, அவற்றுக்கு நடுவே பள்ளமாக இருப்பது தெரியும். அந்தப் பள்ளத்தில் சுருட்டிய காலுறைகளைத் திணிக்கலாமே தவிர மடித்த சட்டையை வைக்க முடியாது. சேலம் போன்ற நிலையங்களுக்கு வந்துபோகும் ஏடிஆர்-72 விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை சிறியது. கெட்டியான பெட்டி அதில் நுழையாது, வாசலிலேயே வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிடுவார்கள். துணிப் பையைச் சற்று அமுக்கினால் உள்ளே போய்விடும். இருந்தாலும் மூட்டுவலியோ முதுகுவலியோ உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் முதுகில் 7 கிலோவைச் சுமக்கத் தேவையில்லை. அவர்களுக்கு இரண்டு சக்கரம் கொண்ட துணி டிராலி நல்லது. நான்கு சக்கரத்தைவிட அதன் சக்கரம் பெரிதாகவும் உள்ளடங்கியும் இருப்பதால் மோசமான தரையையும் தாங்கும். 2 கிலோவுக்குச் சற்று மேலேயே கிடைக்கிறது.

இனி பையையே கையில் எடுத்துப் பார்ப்போம். இப்போது வைத்திருக்கும் பையை நான் வாங்கியது கோவை ஒப்பணக்காரத் தெருவில். கடைக்காரர் காட்டிய ஏழெட்டுப் பைகளையும் வெளிப்புறம் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றின் ஜிப்பையும் முழுவதும் திறந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணா, இத்தன வருஷத்துல பையத் திருப்பிப் பார்த்து வாங்கற மொத ஆளு நீங்கதானுங்" என்றார் அவர். பின்னலாடையானாலும் பையானாலும் உண்மை உள்பக்கத்தில்தான் இருக்கிறது. ஓரத்தில் துணி வெட்டிய விளிம்பு பிசிராகத் தொங்குகிறதா, அல்லது நாடா வைத்துச் சுற்றிலும் கட்டித் தைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நாடா கட்டாத விளிம்பு ஆறு மாதத்தில் நூல் நூலாகப் பிரியத் தொடங்கி ஜிப்பில் சிக்கும். மூலைகளில் நாடா மடியும் இடத்தில் தையல் விளிம்பை விட்டு வெளியே ஓடியிருந்தால், அந்த மூலைதான் முதலில் கிழியும்.

அடுத்து, தோள்வார் பையோடு சேரும் இடம். மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று இரு பக்கமும் நான்கு இடங்கள். மொத்தச் சுமையும் அந்த நான்கு இடங்களில்தான் தொங்குகிறது. அங்கே நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டுத்தையல் இருக்க வேண்டும்; எங்கள் ஊரில் அதைப் பார்டாக் என்போம். பைஜாமாவின் பையோரத்திலும் பேண்ட்டின் பெல்ட் லூப்பிலும் நாங்கள் போடுவது அதுவே. பார்டாக் இல்லாமல் நேர்த்தையலை மட்டும் இரண்டு முறை ஓட்டியிருந்தால், பை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். வாரை ஒரு கையிலும் பையை மறுகையிலும் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தால், தையல் துளைகள் வாய் திறப்பது கண்ணுக்கே தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டி-ஷர்ட்டில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி நெருக்கமாக இருந்தால் மகிழ்வோம்; தடித்த பைத்துணியில் அந்தக் கணக்கு செல்லாது. அளவுக்கு மீறி நெருக்கினால் ஊசித் துளைகளே துணியைத் தாள்போல் கிழித்துவிடும்.

துணியைப் பற்றிக் கடைகளில் டீனியர் என்ற சொல்லைச் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டீனியர். பருத்தி நூலுக்கு நாம் சொல்லும் கவுண்ட்டுக்கு இது நேர்மாறு. 40-ஆம் நம்பர் நூல் 30-ஆம் நம்பரைவிட மெலிது, ஆனால் 420 டீனியர் 210-ஐவிடத் தடிமன். எண் பெரிதாக இருந்தால் வலுவாக இருக்கும் என்று எண்ணி 600 டீனியர் பாலியெஸ்டர் பையைப் பலரும் வாங்குகிறார்கள். 420 டீனியர் நைலான் அதைவிட எடை குறைவாக இருந்தும், உராய்வையும் இழுப்பையும் அதற்குச் சமமாகவோ மேலாகவோ தாங்கும். நைலான் இழையின் தன்மை அப்படி. பக்கவாட்டுக்கு 210 டீனியர், தரையில் உரசும் அடிப்பாகத்துக்கு 420 அல்லது அதற்கு மேல் என்று கலந்து தைத்த பையே எடைக்கும் உழைப்புக்கும் பொருத்தமானது. கட்டம் கட்டமாக இடையிடையே தடித்த இழை ஓடும் ரிப்ஸ்டாப் நெசவாக இருந்தால், சிறு கிழிசல் ஏற்பட்டாலும் அந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு தண்ணீரைத் தடுக்கும். ஆனால் ஈரப்பதத்தில் சில ஆண்டுகள் கிடந்தால் பிசுபிசுத்து உரிந்து வரும். ஆகவே மழையில் நனைந்த பையை அப்படியே பரண்மேல் போட்டுவிடாமல், திறந்து நிழலில் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும்.

ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரின் பின்புறத்தில் 5, 8, 10 என்று எண் இருக்கும். ஜிப் மூடியிருக்கும்போது பற்களின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர். பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருக்க வேண்டும். வெளிச் சிற்றறைகளுக்கு 5 போதும். அந்தக் கடையில், ஜிப் வளைந்து திரும்பும் மூலையில் ரன்னரை ஒரு விரலால் மட்டும் தள்ளிப் பார்த்தேன். நான்கு பைகளில் அது அங்கே நின்றுவிட்டது. காலிப் பையிலேயே நிற்கும் ரன்னர், பை நிரம்பியபின் பல்லைக் கழற்றாமல் ஓடாது.

தோள்வார்களின் உள்ளே இருக்கும் பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்தவுடன் பள்ளம் நிரம்பினால் நல்ல பஞ்சு. விரல் எலும்பு மறுபக்கத்தில் படும் அளவுக்கு அமுங்கினால் மூன்றே மாதத்தில் வார் வெறும் துணியாகிவிடும். நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டும் சிறு வார் மிக உதவியானது. வார்கள் தோளை விட்டு விலகாமல் அது பிடித்துக்கொள்ளும். இடுப்பு வார் 10 கிலோவுக்கு மேல் சுமந்து மலையேறுபவர்களுக்கு அவசியம். நம் பயணத்துக்குத் தேவையில்லை. கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், 150 கிராம் மிச்சமாகும்.

மேலே வாய் கட்டிய பையைவிட, மூன்று பக்கமும் ஜிப் ஓடிப் புத்தகம்போல் விரியும் பை சிறந்தது. அடியில் இருக்கும் சட்டையை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கலைக்க வேண்டியதில்லை. மடிக்கணினி அறை முதுகை ஒட்டி, வெளியிலிருந்து தனி ஜிப்பால் திறக்கும்படி இருக்க வேண்டும். கனமான பொருள் முதுகுக்கு அருகில் இருந்தால் பை பின்னால் இழுக்காது. சோதனைத் தட்டில் கணினியை எடுத்து வைப்பதும் எளிது. இதற்கு மேல் அறைகள் வேண்டாம். இருபது சிற்றறைகள் உள்ள பையில் சாவியைத் தேடுவது தனி வேலையாகிவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு துணியும் ஒரு ஜிப்பும் சேர்ந்து எடையும் ஏறும்.

பை எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போடுவதைப் பொறுத்தே அது போதுமா போதாதா என்பது முடிவாகும். எங்கள் தொழிலில் துணியின் எடையை ஜிஎஸ்எம் என்று சொல்வோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கழுத்து வட்டத்தையும் நிறத்தையும் பார்ப்பதைப் போல, பயணத்துக்கு எடுக்கும் டி-ஷர்ட்டின் ஜிஎஸ்எம்-ஐயும் பார்க்கலாம். 220 ஜிஎஸ்எம் துணியில் தைத்ததற்கும் 150-இல் தைத்ததற்கும் ஒரு சட்டைக்கு ஏறத்தாழ 70 கிராம் வேறுபாடு. துவைத்துப் போட்டால் மெல்லியது சீக்கிரம் காயும். என்னிடம் இருக்கும் ஜீன்ஸ் 700 கிராம். மெல்லிய பருத்திப் பேண்ட் 380 கிராம். இரவுக்குக் கைலி எடுத்துக்கொள்கிறேன், அதுவே ரயிலில் போர்வையாகவும் ஆகும்.

துண்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பயணத்துக்கென்று செயற்கை இழையில் செய்த துண்டுகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஈரோட்டுப் பக்கம் நெய்யும் ஈரிழைத் துண்டைவிட அவை எந்த வகையில் மேல் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் இருந்த டர்க்கி டவலைத் தராசில் வைத்தேன், 480 கிராம். ஈரிழைத் துண்டு 120 கிராம். உடம்பில் இருக்கும் ஈரத்தை நன்றாகவே இழுக்கிறது; பிழிந்து மின்விசிறிக்குக் கீழே போட்டால் கிளம்புவதற்குள் காய்ந்துவிடுகிறது; மடித்தால் உள்ளங்கை அளவுக்கு அடங்குகிறது. முகத்தில் கட்டிக்கொள்ளலாம், தலையணைமேல் விரித்துக்கொள்ளலாம், பழங்களை முடிந்துகொள்ளலாம். என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோளில் ஒரு ஈரிழைத் துண்டும் கையில் ஒரு மஞ்சப்பையுமாகப் பழனி பாதயாத்திரைக்கு ஆண்டுதோறும் போய்வந்தவர். அந்தத் துண்டு இல்லாமல் நான் இப்போது எங்கும் போவதில்லை.

5 நாள் பயணத்துக்கு என் கணக்கு இப்படி வருகிறது: பை 1 கிலோ 100 கிராம், மடிக்கணினியும் மின்னேற்றியும் 1 கிலோ 700, மூன்று சட்டைகள் 600, மாற்றுப் பேண்ட் 380, உள்ளாடைகள் 400, கைலி 250, துண்டு 120, குளியல் பொருட்கள் 350, பவர் பேங்க் 200, காகிதங்களும் காலித் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 300, செருப்பு 300. எல்லாம் சேர்ந்து 5 கிலோ 700 கிராம். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டுவிடுவதால் அது கணக்கில் வராது. மிச்சமுள்ள 1 கிலோ 300 கிராம் பலகாரத்துக்கும் திரும்பும்போது வாங்கி வருவதற்கும்.

பலகாரம் என்றதும் நம்மவர்கள் செய்யும் தவறொன்று நினைவுக்கு வருகிறது, நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை சிங்கப்பூர் கிளம்பும்போது அத்தை ஒரு டப்பா பழனிப் பஞ்சாமிர்தத்தை நீட்டி, "மாப்பிள்ளை, சின்னவளுக்கு இதக் கொண்டுபோய்க் குடுத்துருங், அவளுக்கு உசுரு" என்றார். அரைக் கிலோ டப்பா. வெளிநாடு செல்லும் விமானங்களில் திரவம், கூழ், பசை எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்கலத்தில் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது. 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு குண்டுவெடிப்புச் சதி பிடிபட்டதைத் தொடர்ந்து வந்த விதி அது. பஞ்சாமிர்தம் கூழ் வகையில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோதனையில் இருந்தவர் மரியாதையாகவே விளக்கி எடுத்து வைத்தார். பெற்ற தாய் மகளுக்குக் கொடுத்தனுப்பியதை அங்கே விட்டுவிட்டு நடந்தது எனக்கு இன்றும் வருத்தந்தான். நெய், தேன், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். எள்ளுருண்டை, முறுக்கு, கடலை மிட்டாய், தேங்காய்ப் பர்பி ஆகியவற்றால் சிக்கல் வந்ததில்லை.

காங்கேயம், பொள்ளாச்சிக்காரர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டியது கொப்பரையைப் பற்றி. எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று பன்னாட்டு ஆபத்துப் பொருள் பட்டியலில் 1363 என்ற எண்ணோடு இடம்பெற்றிருக்கிறது. உலர்களத்தில் குவித்து வைத்த கொப்பரைக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கைப்பையிலும் சரக்கறைப் பெட்டியிலும் அதைத் தவிர்த்துவிடுவதே முறை.

பவர் பேங்க் இதற்கு மறுதலையானது. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் (mAh) என்று குறித்திருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 74 வாட்-மணிதான் வரும். கைப்பையை வாசலில் வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும் நிலை வந்தால், முதலில் அதை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் எப்போதும் பையின் மேல் சிற்றறையில் வையுங்கள்.

சென்ற மாதம் என் மனைவிக்கும் ஒரு பை எடுத்தோம். என் பையை மாட்டிப் பார்த்தபோது அதன் அடி அவருடைய இடுப்புக்குக் கீழே இறங்கி, ஒவ்வோர் அடியிலும் இடித்தது. முதுகின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கழுத்துக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புவரை அளந்துகொண்டு போனால் கடையில் பாதி நேரம் மிச்சமாகும். அவருக்கு 28 லிட்டரில், முதுகுப்பகுதி குட்டையான, 900 கிராம் எடையுள்ள பை கிடைத்தது. கனமான பட்டுக்குப் பதிலாக இரண்டு கோரா காட்டன் சேலைகளை எடுத்துவைத்தார். உடுத்தினாலும் மடித்தாலும் கனம் தெரியாத சேலை அது.

காலிப் பை எல்லோருக்கும் பொருந்துவதுபோலவே தோன்றும் என்பதால், மாற்றிக்கொடுக்கச் சம்மதித்த கடையில்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஆறை உள்ளே அடுக்கினேன். தண்ணீரின் எடை மட்டும் 6 கிலோ. அதை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கினார். முதல் முறை வாரின் நீளத்தைக் குறைத்தோம். இரண்டாம் முறை நெஞ்சு வாரை இரண்டு விரற்கடை கீழே இறக்கினோம். மூன்றாம் முறை மேலே போனவர் உடனே இறங்கி வரவில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். பையை முதுகில் மாட்டியபடியே மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். "இது இருக்கறதே தெரியலீங்க" என்றார்.